ஒரு கச்சேரிக்கு ஒரு பென்னி: ஹாலே இசைக்குழு பிறந்த கதை

2019 ஜூலை 10ஆம் தேதி உலகக் கோப்பை அரையிறுதியில் மார்ட்டின் கப்டில் எறிந்த பந்து ஸ்டம்பைத் தட்டியதும் தோனி தலைகுனிந்து வெளியேறியதும் நம்மில் பலருக்கு இன்னும் ஆறாத காயம். அது நடந்த இடம் மான்செஸ்டரின் ஓல்டு டிராஃபோர்டு. அந்த மைதானம் அங்கே அமைந்ததற்குக் காரணம் ஓர் ஓவியக் கண்காட்சி. 1857இல் அந்தக் கண்காட்சிக்கு இடம் தேடியவர்களின் கண் மான்செஸ்டர் கிரிக்கெட் கிளப் ஆடிக்கொண்டிருந்த பழைய நிலத்தின் மேல் விழுந்தது. கிளப் காலி செய்துகொண்டு பக்கத்திலேயே வேறு நிலத்துக்குப் போனது. இன்று உலகம் அறிந்த கிரிக்கெட் மைதானம் அதுதான். அதே கண்காட்சி பெற்றெடுத்த இன்னொரு பிள்ளையும் உண்டு. ஹாலே என்ற சிம்பொனி இசைக்குழு. லண்டனில் இன்று பெயர் சொல்லும் பெரிய சிம்பொனி இசைக்குழுக்கள் எல்லாவற்றுக்கும் இது மூத்தது.

கோயம்புத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று சொல்லிப் பழகிவிட்டோம். அசல் மான்செஸ்டர் அந்தக் காலத்தில் எப்படி இருந்தது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். பஞ்சு, நூல், துணி, புகைபோக்கி, கரி. மான்செஸ்டரைச் சூழ்ந்த லங்காஷயர் ஆலைகளில் நெய்த துணி இந்தியச் சந்தையை நிறைத்து நம் நெசவாளர்களின் தறிகளை நிறுத்தியதும் இதே காலத்தில்தான். ஊரில் பணம் கொழித்தது. ஆலைத் தொழிலாளியின் வாழ்க்கையோ இருட்டறையில் கிடந்தது. அந்த இருட்டைப் பற்றிப் பிரெடரிக் எங்கெல்ஸ் 1845இல் ஒரு புத்தகமே எழுதினார். அவருடைய குடும்பத்துக்கு அங்கே ஒரு நூல் ஆலையில் பங்கு இருந்தது. எங்கெல்ஸைப் போலவே ஏராளமான ஜெர்மானிய வணிகர்கள் அந்த ஊரில் குடியேறியிருந்தார்கள். சொந்த ஊரில் கேட்டு வளர்ந்த இசை அவர்களுக்கு இங்கேயும் வேண்டியிருந்தது. அவர்களில் ஒருவரான ஹெர்மன் லியோ, துணியில் அச்சுப் பதிக்கும் தொழில் செய்தவர். 1848இல் ஒரு பியானோ கலைஞரை மான்செஸ்டருக்கு வரும்படி அழைத்தவர் அவர்தான்.

அந்தக் கலைஞரின் பெயர் கார்ல் ஹாலே. ஜெர்மனியின் ஹாகன் என்ற சிற்றூரில் 1819 ஏப்ரலில் பிறந்தவர். தந்தை ஆர்கன் வாசிப்பவர். பதினேழு வயதில் பாரிஸ் போய் அங்கேயே பன்னிரண்டு ஆண்டுகள் தங்கினார். ஷோபான், லிஸ்ட், பெர்லியோஸ் எல்லோரும் அவருக்கு நண்பர்கள். 1848 பிப்ரவரியில் பாரிஸில் புரட்சி வெடித்தது. மாணவர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள், கச்சேரிகள் நின்றன, வருமானம் போனது. மனைவி பிள்ளைகளோடு லண்டனுக்குப் போனார். அங்கே அவரைப் போலவே ஓடிவந்த இசைக்கலைஞர்கள் நிரம்பியிருந்தார்கள். அந்த நேரத்தில்தான் மான்செஸ்டர் அழைப்பு வந்தது.

மான்செஸ்டரில் அப்போது 'ஜென்டில்மென்ஸ் கான்சர்ட்ஸ்' என்று ஒரு பழைய அமைப்பு இருந்தது. நம்மூர் சபாக்களைப் போலச் சந்தா கட்டிய உறுப்பினர்களுக்கு மட்டும் கச்சேரி. 1848 ஆகஸ்டு 28 அன்று, சாவுக்கு ஓராண்டு முன்பு, உடல் தேய்ந்த ஷோபான் வந்து வாசித்ததும் இவர்களுடைய மேடையில்தான். அங்கிருந்த இசைக்குழுவை முதன்முதலாகக் கேட்ட ஹாலே நொந்துபோனார். பாரிஸ் கன்சர்வத்வார் கச்சேரிகளில் ஊறிய காது அது. மூட்டை கட்டிக்கொண்டு திரும்பிவிடலாமா என்று யோசித்ததாகத் தன் வாழ்க்கைக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். இதை மாற்றத்தான் உங்களை அழைத்தோம் என்று நண்பர்கள் சொல்லித் தடுத்தார்கள். கொஞ்ச நாளில் இசைக்குழுவை நடத்தும் பொறுப்பே அவரைத் தேடி வந்தபோது ஒரு நிபந்தனை போட்டார்: இருக்கிற குழுவைக் கலைத்துவிட வேண்டும், யாரைச் சேர்ப்பது என்பதைத் தன்னிடம் விட்டுவிட வேண்டும். ஒப்புக்கொண்டார்கள்.

குழு தேறியது. ஆனால் கேட்டவர்கள் அதே சந்தாதாரர்கள்தான். தெருவில் நடப்பவனுக்கும் அந்த மண்டபத்துக்கும் சம்பந்தம் இல்லை. அதை மாற்றியது 1857இன் கண்காட்சி.

'ஆர்ட் டிரெஷர்ஸ் எக்ஸிபிஷன்' என்ற அந்தக் கண்காட்சி மே 5 முதல் அக்டோபர் 17 வரை நடந்தது. பிரபுக்களின் மாளிகைச் சுவர்களில் தொங்கிய ஓவியங்களையும் அலமாரிகளில் இருந்த சிற்பங்களையும் கடன் வாங்கி, 16,000 பொருள்களை இரும்பும் கண்ணாடியும் கொண்டு எழுப்பிய தற்காலிகக் கூடத்தில் வைத்தார்கள். 13 லட்சம் பேர் வந்து பார்த்தார்கள். தொழிலாளிகளை முதலாளிகளே ரயிலேற்றி அனுப்பினார்கள். வருகிறவர்களுக்குத் தினமும் இசை வேண்டும் என்று அமைப்பாளர்கள் ஹாலேயைக் கேட்டார்கள். உள்ளூரில் தேறியவர்களோடு லண்டன், பாரிஸ், ஜெர்மனி, ஹாலந்து, பெல்ஜியம், இத்தாலி என்று தேடிப் பிடித்து ஒரு முழு சிம்பொனி இசைக்குழுவை அவர் நிறுத்தினார். வடக்கு இங்கிலாந்தின் ஆயிரமாயிரம் மக்கள் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு சிம்பொனியைக் கேட்டது அந்தக் கூடத்தில்தான். ஓவியம் பார்க்க வந்தவர்கள் மெல்ல மெல்ல இசை மேடையைச் சுற்றி நிற்கத் தொடங்கினார்கள். நாள்தோறும் அந்தக் கூட்டம் கூடுவதையும் அது கவனித்துக் கேட்பதையும் ஹாலே பார்த்துக்கொண்டே இருந்தார்.

அக்டோபர் வந்தது. கண்காட்சி முடிந்தால் குழுவும் முடிந்தது. லண்டன்காரர் லண்டனுக்கு, பாரிஸ்காரர் பாரிஸுக்கு. ஆறு மாதம் தினமும் ஒன்றாக வாசித்து ஒருவர் மூச்சு இன்னொருவருக்குப் பழகிய மனிதர்கள் திசைக்கொருவராகச் சிதறப் போகிறார்கள். அந்த நினைப்பை ஹாலேயால் தாங்க முடியவில்லை. சொந்தப் பொறுப்பில், சொந்த நஷ்டத்தில், குளிர்காலம் முழுக்க வாரம் ஒரு கச்சேரி நடத்துவது என்று முடிவெடுத்தார். என் கணக்கில் இசைக்குழு பிறந்தது இந்த முடிவில்தான். நல்ல வயலின்காரர்களும் நல்ல ஹார்ன்காரர்களும் எந்தப் பெரிய ஊரிலும் கிடைப்பார்கள். சிம்பொனிக்கு அது போதாது. அதே ஆட்கள், அதே நாற்காலிகளில், வாரம் தவறாமல், ஆண்டுக்கணக்கில் சேர்ந்து வாசிக்க வேண்டும். அதற்கு அவர்கள் ஊரைவிட்டுப் போகாமல் இருக்க வேண்டும். போகாமல் இருக்கச் சம்பளம் வேண்டும். ஹாலேயின் கதை முழுவதும், அன்றும் பிறகும், கூடியவர்களைக் கலையவிடாமல் காப்பாற்றிய கதைதான்.

1858 ஜனவரி 30 அன்று முதல் கச்சேரி. இடம் ஃப்ரீ டிரேட் ஹால். இந்த மண்டபத்துக்கும் ஒரு கதை உண்டு. அது நின்ற இடத்தின் பழைய பெயர் புனித பீட்டர் திடல். ஹாலே பிறந்த அதே 1819இல், ஆகஸ்டு 16 அன்று, வாக்குரிமை கேட்டு அங்கே கூடிய ஏறத்தாழ 60,000 மக்கள்மீது குதிரைப்படை பாய்ந்து வாளால் வெட்டியது. பதினைந்து பேருக்கு மேல் இறந்தார்கள். பீட்டர்லூ படுகொலை என்று வரலாறு அதைக் குறித்து வைத்திருக்கிறது. பின்னாளில் ரொட்டி விலையை ஏற்றிவைத்த தானியச் சட்டங்களை எதிர்த்துப் போராடி வென்றவர்கள், அந்த வெற்றியின் நினைவாக 1856இல் அங்கே கட்டிய மண்டபம் இது. இரண்டே ஆண்டுகளில் அதற்குள் பீத்தோவன் நுழைந்தார். மலிவு இருக்கைகளும் கூடவே வந்தன. சந்தா வேண்டாம், அறிமுகக் கடிதம் வேண்டாம், காசு கொடுத்து உள்ளே வரலாம்.

வந்தார்களா? முதலில் இல்லை. ஆரம்பக் கச்சேரிகளில் நஷ்டத்துக்கு மேல் நஷ்டம். ஆனாலும் அறிவித்த கச்சேரிகளில் ஒன்றைக்கூட ஹாலே நிறுத்தவில்லை. பருவம் பாதி கடந்தபின் கூட்டம் ஏறத் தொடங்கியது, அதுவும் மலிவு இருக்கைகளில். பருவம் முடிந்ததும், கச்சேரிகளின் கணக்கைக் கவனித்துவந்த ஃபோர்சைத் சகோதரர்கள் புத்தம் புதிய மூன்று பென்னி நாணயங்கள் பத்தை ஹாலேயின் கையில் வைத்தார்கள். நிகர லாபம் முப்பது பென்னி. முப்பது கச்சேரிக்கு அது வந்தது, கச்சேரிக்கு ஒரு பென்னி. நஷ்டத்துக்குத் துணிந்து இறங்கியவருக்கு இது பெரிய வெற்றி. அடுத்த பருவத்தை உடனே அறிவித்தார்.

அதன்பின் முப்பத்தேழு ஆண்டுகள் அவர் நிறுத்தவே இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரால் பஞ்சு வரத்து நின்று லங்காஷயர் ஆலைகள் மூடிக்கிடந்த 1860களின் பட்டினிக் காலத்திலும் கச்சேரி நடந்தது. மான்செஸ்டரில் வியாழக்கிழமை மாலை என்றாலே ஹாலே என்று ஆனது. மற்ற நாள்களில் ரயிலேறி பிராட்ஃபோர்டு, லீட்ஸ், லிவர்பூல், எடின்பரோ. தானே குழுவை நடத்தி, தானே பியானோவிலும் அமர்வார். பழைய நண்பர் பெர்லியோஸை அவர் மறக்கவில்லை. 'சிம்பொனி ஃபேன்டாஸ்டிக்' இங்கிலாந்தில் முழுமையாக ஒலித்தது முதன்முதலாக 1879இல், மான்செஸ்டரில், இவர் கையால். லண்டன் அதை அப்புறம்தான் கேட்டது. ஒரு மாகாண நகரம் தலைநகரை முந்தியதை மான்செஸ்டர்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். அந்தப் பெருமைக்கு அவர்களுக்கு உரிமை உண்டு. 1888இல் ஹாலேக்கு சர் பட்டம் கிடைத்தது. 1893இல் ஊருக்கு ஓர் இசைக் கல்லூரியையும் நிறுவினார். வாசிப்பவர்களை வெளியூரிலிருந்தே வரவழைத்துக்கொண்டிருந்தால் குழு நிலைக்காது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

1895 அக்டோபர் 25 அன்று அவர் திடீரென்று இறந்தார். இசைக்குழு அவருடைய சொந்தத் தொழிலாகவே நடந்துவந்தது. முதலாளி போனால் தொழில் போகும். இந்த இடத்தில் மூன்று பேர் முன்வந்தார்கள்: மாவு ஆலை இயந்திரங்கள் செய்த ஹென்றி சைமன், வணிகர் குஸ்தாவ் பெஹ்ரன்ஸ், அந்தப் பத்து நாணயங்களைக் கொடுத்த சகோதரர்களில் ஒருவரான ஜேம்ஸ் ஃபோர்சைத். மூன்று ஆண்டுகளுக்கு எவ்வளவு நஷ்டம் வந்தாலும் தாங்கள் ஏற்பதாக உறுதி கொடுத்தார்கள். அந்த அவகாசத்தைத் தொடர்ந்து 1899இல் ஹாலே கான்சர்ட்ஸ் சொசைட்டி உருவானது. தனி மனிதரின் சொத்து ஊரின் சொத்தாக மாறியது. இதை இரண்டாம் பிறப்பு என்றுதான் சொல்ல வேண்டும்.

சொசைட்டி கூட்டிவந்தவர் ஹான்ஸ் ரிக்டர். 1876இல் பைராய்ட்டில் வாக்னரின் 'ரிங்' நாடக வரிசை முழுவதையும் முதன்முதலாக நடத்தியவர். வியன்னாவை விட்டு மான்செஸ்டருக்கு வந்து பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தார். 1908 டிசம்பர் 3 அன்று எல்கரின் முதல் சிம்பொனி அவர் கையால் ஃப்ரீ டிரேட் ஹாலில் அரங்கேறியது. எல்கர் அதை ரிக்டருக்கே சமர்ப்பித்திருந்தார். ஓராண்டுக்குள் அது உலகெங்கும் ஏறத்தாழ நூறு முறை வாசிக்கப்பட்டது. அடுத்து வந்தவர்களில் ஹாமில்டன் ஹார்ட்டி குழுவின் தரத்தை மிக உயர்த்தினார், 1930இல் மாலரின் ஒன்பதாம் சிம்பொனியை பிரிட்டனுக்கு அறிமுகப்படுத்தினார். ஆனால் அவர் பொறுப்பேற்ற 1920இல்தான், முதல் உலகப் போரின்போது ஆண்கள் போர்முனைக்குப் போனபோது குழுவைத் தாங்கிய பெண்கள் வெளியே அனுப்பப்பட்டார்கள். சேர்ந்து வாசித்தவர்களைக் கலையவிடாததால் வாழ்ந்த ஒரு குழு தன் கையாலேயே அப்படிச் செய்தது. எத்தனை நல்ல இசைத்தட்டுகள் வந்திருந்தாலும் அந்தக் கறை கறைதான்.

மூன்றாம் பிறப்பு இரண்டாம் உலகப் போரின் நடுவில். 1940 டிசம்பரில் ஜெர்மன் குண்டுவீச்சில் ஃப்ரீ டிரேட் ஹால் எரிந்தது, வெளிச்சுவர்கள் மட்டும் நின்றன. மண்டபம் போனதைவிடப் பெரிய சிக்கல் ஆட்களிடம் இருந்தது. அதுவரை ஹாலே கலைஞர்களுக்கு ஆண்டு முழுவதும் சம்பளம் கிடையாது. குளிர்காலத்தில் மான்செஸ்டரில் கச்சேரி, கோடையில் கடற்கரை ஊர்களின் பேண்டுகளில் பிழைப்பு. பிபிசி அங்கே தனக்கென்று ஒரு வடக்குப் பிராந்திய இசைக்குழு வைத்திருந்தது. ஹாலேயில் பாதிப் பேர், முப்பத்தைந்து பேர், இரண்டிலும் வாசித்துக் காலம் தள்ளினார்கள். இதற்கிடையில் பக்கத்து ஊர் லிவர்பூல் தன் குழுவை முழுநேரக் குழுவாக மாற்றிவிட்டது. லிவர்பூல் முந்தினால் மான்செஸ்டர் சும்மா இருக்காது. ஜவுளித் தொழிலதிபரும் வயோலா ஆர்வலருமான சொசைட்டித் தலைவர் பிலிப் காட்லீ, ஹாலேயையும் ஆண்டு முழுவதும் இயங்கும் குழுவாக்க முடிவெடுத்து, நியூயார்க்கில் இருந்த ஜான் பார்பிரோலிக்கு அழைப்பு அனுப்பினார்.

பார்பிரோலி லண்டனில் இத்தாலியத் தந்தைக்கும் பிரெஞ்சுத் தாய்க்கும் பிறந்தவர். தந்தையும் தாத்தாவும் மிலானின் லா ஸ்காலாவில் வயலின் வாசித்தவர்கள், 1887இல் வெர்டியின் 'ஒதெல்லோ' அரங்கேறியபோது குழுவில் இருந்தவர்கள். இவர் செல்லோ கலைஞராகத் தொடங்கி, டோஸ்கனினிக்குப் பிறகு நியூயார்க் பில்ஹார்மோனிக்கை நடத்தியவர். போரில் இருக்கும் சொந்த நாட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று அவர் மனம் தவித்துக்கொண்டிருந்தது. நீர்மூழ்கிக் கப்பல்கள் உலவிய அட்லாண்டிக்கைக் கடந்து லிஸ்பன் வழியாக 1943 ஜூன் 2 அன்று மான்செஸ்டர் வந்து சேர்ந்தார். முந்தின நாள்தான் லிஸ்பனிலிருந்து இங்கிலாந்துக்குக் கிளம்பிய பயணிகள் விமானம் ஒன்றை ஜெர்மானியர்கள் சுட்டு வீழ்த்தினார்கள், நடிகர் லெஸ்லி ஹோவர்டு அதில் இறந்தார்.

வந்திறங்கியவரை வரவேற்ற செய்தி இதுதான்: இரண்டிலும் வாசித்த முப்பத்தைந்து பேரில் நாலே பேர் ஹாலேயைத் தேர்ந்தெடுத்தார்கள். மற்றவர்கள் நிலையான சம்பளம் உள்ள பிபிசியோடு நின்றுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, குடும்பம் உள்ளவர்கள் வேறென்ன செய்வார்கள்? முதல் கச்சேரிக்கு அறிவித்த தேதி ஜூலை 5. நல்ல வாசிப்பாளர்களில் பெரும்பாலோர் ராணுவத்தில். ஒரு மாதத்துக்குள் பாதி இசைக்குழுவைப் புதிதாகப் பிறப்பிக்க வேண்டும்.

பார்பிரோலி நாள் முழுக்க உட்கார்ந்து வந்தவர்களையெல்லாம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். என்ன படித்தாய், எங்கே வாசித்தாய் என்று சான்றிதழ் தேடவில்லை. வாசி, கேட்கிறேன் என்றார். முதல் புல்லாங்குழல் நாற்காலியில் ஒரு பள்ளி மாணவன் அமர்ந்தான். ஹார்ன் வாசிக்கப் பள்ளி ஆசிரியை ஒருவர் வந்தார். பித்தளைக் கருவிகளுக்குச் சுற்றுவட்டார ஆலைகளின், ஊர்களின், ராணுவத்தின் பேண்டுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அப்பகுதித் தொழிலாளிகளிடையே பித்தளை பேண்டு வேரோடியிருந்ததால் அது கைகொடுத்தது. 1920இல் மூடிய கதவு திறந்தது, பெண்கள் பலர் உள்ளே வந்தார்கள். ஒத்திகை, ஒத்திகை, மறுபடியும் ஒத்திகை. வயலின்காரர்களுக்கு வில்லை எந்த இடத்தில் எப்படித் திருப்புவது என்பதுவரை, செல்லோ கலைஞரான அவரே குறித்துக் கொடுத்தார். ஜூலை 5 அன்று பிராட்ஃபோர்டில், சொன்ன தேதியில், கச்சேரி நடந்தது. கேட்டவர்கள் வியந்தார்கள்.

சொந்த மண்டபம் இல்லாத அந்த ஆண்டுகளில் குழு எங்கெல்லாம் வாசித்தது! மெதடிஸ்ட் சபையின் ஆல்பர்ட் ஹாலில். பெல் வியூ விலங்குக் காட்சிசாலை வளாகத்தில் சர்க்கஸும் குத்துச்சண்டையும் நடக்கும் கிங்ஸ் ஹாலில். குளிர்ந்த ரயில்களில் ஊர் ஊராகப் போய். அந்தக் கிங்ஸ் ஹாலில் ஞாயிறு பிற்பகல்களில் ஆயிரக்கணக்கானோர் வந்து உட்கார்ந்தார்கள். 1951 நவம்பர் 16 அன்று ஃப்ரீ டிரேட் ஹால் மீண்டும் எழுந்து திறந்தபோது, அரசி முன்னிலையில், லங்காஷயரிலேயே பிறந்து தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து உலகப் பாடகியான கேத்லீன் ஃபெரியர் பாடினார். பார்பிரோலிக்கு லண்டனிலிருந்து பெரிய அழைப்புகள் வந்தன. போகவில்லை. 1970 ஜூலையில் இறக்கும்வரை ஹாலேயோடு இருந்தார். வான் வில்லியம்ஸ் தன் எட்டாம் சிம்பொனியை அவருக்குச் சமர்ப்பித்தார், 1956இல் ஹாலேதான் அதை அரங்கேற்றியது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1996இல் குழு பிரிட்ஜ்வாட்டர் ஹாலுக்குக் குடிபெயர்ந்தது. பக்கத்தில் டிராம் ஓடும் அதிர்வு உள்ளே வராமலிருக்க, அந்தக் கட்டடம் ஏறத்தாழ 280 எஃகுச் சுருள்வில்கள்மீது நிற்கிறது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் கடன் கழுத்தை நெரித்து, குழு திவாலாகும் விளிம்புக்குப் போய்த் திரும்பியது. 2000 முதல் 2024 வரை மார்க் எல்டர் நடத்தினார். ஒத்திகை இப்போது ஆன்கோட்ஸ் பகுதியில், ஆலைத் தொழிலாளிகளுக்காக எழுப்பி, பிறகு பாழடைந்து, சீரமைத்த புனித பீட்டர் தேவாலயத்தில் நடக்கிறது. 2024 முதல் தலைமை நடத்துநர் சிங்கப்பூரில் பிறந்த காச்சுன் வோங்.

இந்தக் குழுவைக் கேட்க மான்செஸ்டர் போக வேண்டியதில்லை. பார்பிரோலி ஹாலேயோடு பதிவு செய்த சிபேலியஸின் ஏழு சிம்பொனிகளும் இன்று கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. இரண்டாம் சிம்பொனியிலிருந்து தொடங்குங்கள். ஏறத்தாழ முக்கால் மணி நேரம் ஆகும். பாதியில் நிறுத்தாமல் கேளுங்கள்.